பேஸ்பால் பார்க்கப் போகிறீர்களா? புளியோதரையைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்

அமெரிக்கா வந்து முதல் கோடை, ஆபீசில் எல்லாரும் பேஸ்பால் பேசுகிறார்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வேறு வந்திருக்கிறார்கள், சரி, ஒரு மேட்ச் காட்டிவிடலாம் என்று கிளம்புவீர்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

டிக்கெட் பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு அணிக்கும் சீசனுக்கு 162 ஆட்டம், அதில் பாதி சொந்த மைதானத்தில், அதனால் ஐபிஎல் மாதிரி அடிதடி கிடையாது. செவ்வாய், புதன் என்றால் விலையும் இறங்கும். டிக்கெட் போனில்தான் வரும், பல இடங்களில் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. முதுகுப் பையையும் நிறைய மைதானங்களில் உள்ளே விடமாட்டார்கள், அணியின் இணையதளத்தில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஜூலை மாதப் பகல் ஆட்டத்துக்குக் கூரையில்லாத அவுட்ஃபீல்ட் இருக்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள், அப்பளம்தான்.

ஆட்டம் புரியுமா என்ற கவலை வேண்டாம். வீசிய பந்தை அடிக்கத் தவறினால் ஒரு ஸ்ட்ரைக், 3 ஸ்ட்ரைக்குக்கு ஒரு அவுட், 3 அவுட்டுக்கு மட்டை கைமாறும், இரண்டு அணியும் ஒருமுறை ஆடி முடித்தால் ஒரு இன்னிங்ஸ், இப்படி 9 இன்னிங்ஸ். பின்பக்கம் போனால் நமக்கு நாலு ரன், இவர்களுக்கு அது ஃபவுல், அதாவது ரன் கிடைக்காத அடி. டிராவும் கிடையாது. "கையில உறையை மாட்டிக்கிட்டுப் புடிக்கிறதெல்லாம் ஒரு கேட்ச்சா?" என்று அப்பா முதல் அரை மணி நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார். கூட்டத்தில் வந்து விழும் பந்தை எடுத்தவரே வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றதும்தான் கொஞ்சம் மரியாதை வந்தது. சேப்பாக்கத்தில் அந்தப் பந்தைத் திருப்பி எறிந்தாக வேண்டுமே!

இனி என் தலையெழுத்தைச் சொல்கிறேன்.

மூன்றாவது இன்னிங்ஸில் மழை. தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். நம் மனதில் ஓடுவது கிரிக்கெட் கணக்கு: ஓவரைக் குறைப்பார்கள், இல்லையென்றால் கைவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, காத்திருப்பார்கள். 5 இன்னிங்ஸ் முடிந்துவிட்டால் ஆட்டம் கணக்கில் ஏறிவிடும், அதற்கு முன்னால் லேசில் விடமாட்டார்கள். அப்படியே ரத்தானாலும் பெரும்பாலும் பணம் வராது, தள்ளிப்போன நாளுக்கு அதே டிக்கெட்தான்.

எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. கார் டிக்கியில் அம்மா விடிகாலையில் எழுந்து கட்டிய புளியோதரை இருந்தது. வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று நானாகவே முடிவு செய்து, சினிமா தியேட்டர் நினைப்பில் காரிலேயே வைத்திருந்தேன். மழை விடுவதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று மூன்று பேரும் வெளியே போனோம். இரண்டு கவளம் இறங்கியிருக்கும், உள்ளே கைதட்டல். ஓடினோம். கேட்டில் நின்ற பையன் சிரித்த முகத்தோடு கையை விரித்தான்: ஒருமுறை வெளியே போனால் போனதுதான், அந்த டிக்கெட் இனி செல்லாது. கெஞ்சினேன், அப்பாவின் வயதைச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. வாசலிலேயே போர்டும் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. பார்க்கிங்கையும் சேர்த்தால் அன்றைக்குப் போன பணம் ஒரு மாத மளிகைக்கு ஆகியிருக்கும்.

வயிறு எரிந்தது அதற்கல்ல. அந்த மைதானத்தில் வீட்டுச் சாப்பாட்டைத் தாராளமாக உள்ளே கொண்டுபோகலாம் என்று மறுநாள்தான் படித்தேன். பல மைதானங்களில் அப்படித்தான், சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்கூடச் சரி. சில இடங்களில் ஒளி ஊடுருவும் பையில் கட்டச் சொல்வார்கள். உள்ளே ஒரு ஹாட் டாக் விற்கும் விலைக்கு இது எவ்வளவு பெரிய வரம்! சைவக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆகவே புளியோதரை உங்களோடு கேட்டைத் தாண்டட்டும், ஜாக்கெட்டும் பெரியவர்களின் மாத்திரையும் அதோடு வரட்டும். மழை பெய்தால் கூரைக்கு அடியில் நில்லுங்கள். கடைசி அவுட் வரைக்கும் வெளியே கால் வைக்காதீர்கள்.

அன்று இரவு காரில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு மிச்ச ஆட்டத்தைக் கேட்டோம். அப்பா ஜன்னலை இறக்கச் சொன்னார். மைதானத்துக் கூச்சல் முதலில் வரும், ரேடியோக்காரர் சில நொடி கழித்துத்தான் காரணம் சொல்வார். சிறுவயதில் டீக்கடை வாசலில் டெஸ்ட் மேட்ச் ஸ்கோர் கேட்டது போலவே இருக்கிறது என்றார் அப்பா. அம்மா பேசாமல் ஆளுக்கு இன்னொரு கரண்டி புளியோதரை வைத்தாள்.