போர்க்கால நாவல் எழுதப் போறீங்களா? நான் பண்ணின தப்ப நீங்க பண்ணாதீங்க

ரெண்டாம் உலகப்போர வச்சு ஒரு நாவல் ஆரம்பிச்சு மூணு தடவ கிழிச்சுப் போட்டவன் நான், அதனால இத சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்குன்னு நெனைக்கிறேன்.

முதல் அத்தியாயத்துல ஒரு சீன். 1940 ஜூன் 4, லண்டன், ஒரு குடும்பம் ரேடியோவ சுத்தி உக்காந்திருக்கு, சர்ச்சில் அந்தக் கரகர குரல்ல கடற்கரையில சண்ட போடுவோம், சரணடையவே மாட்டோம்னு பேசுறாரு, அம்மா கண்ணத் தொடச்சிக்கிறாங்க. எழுதி முடிச்சப்போ எனக்கே புல்லரிச்சுது. படிச்சுப் பாத்த ஒரு பெரியவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, "அன்னைக்கு அவரு ரேடியோல பேசினாராப்பா?" பேசல. அவரு பேசினது பார்லிமெண்ட்ல. ராத்திரி பிபிசி நியூஸ்ல அறிவிப்பாளர் அதுலேருந்து கொஞ்சம் வாசிச்சாரு, அவ்ளோதான். நாம இப்போ கேக்குற அந்தக் குரல் 1949ல ரெக்கார்ட் பண்ணினது. அந்த அம்மா அழுதது ஒம்போது வருஷம் கழிச்சு வரப்போற ரெக்கார்டுக்கு!

அப்பத்தான் ஒண்ணு உறைச்சுது. இந்த வகை கதைல வர்ற முக்கால்வாசி தப்புக்கு வேர் ஒண்ணுதான், நமக்கு கிளைமாக்ஸ் தெரியும், கதைல இருக்குறவங்களுக்குத் தெரியாது. போர்க்காலத்துல அரசாங்கம் பண்ற பிரச்சாரம் வேலை செய்றதே அந்தத் தெரியாத இடத்துலதான்.

போஸ்டர்ல இது பச்சையா தெரியும். 1940 லண்டன்னு எழுதினா போதும், சுவத்துல 'கீப் காம் அண்ட் கேரி ஆன்' (பதறாம வேலையப் பாருங்க) போஸ்டர ஒட்டிடுவாங்க நம்ம ஆளுங்க. அந்த போஸ்டர 1939ல கிட்டத்தட்ட 24 லட்சம் காப்பி அடிச்சாங்க, ஆனா நெலம ரொம்ப மோசமானா ஒட்டலாம்னு எடுத்து வச்சு, கடைசில பெரும்பாலும் காகிதக் கூழாப் போச்சு. 2000ல ஒரு பழைய புத்தகக் கடையில ஒரு காப்பி கெடச்சப்புறம்தான் அது காபி கப்லயும் டீ-ஷர்ட்லயும் ஏறிச்சு. இதே கததான் கைய மடக்கிக் காட்டுற 'வி கேன் டூ இட்' (நம்மால முடியும்) பொண்ணு படத்துக்கும், 1943 பிப்ரவரில அமெரிக்காவுல வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி ஃபேக்டரிகள்ல ரெண்டு வாரம் மாட்டியிருந்தாங்க, ஊரெல்லாம் பிரபலமானது 1980கள்ல.

சரி, லண்டன்ல நெஜமா ஒட்டினது என்ன? உங்க தைரியம், உங்க உற்சாகம், உங்க உறுதி வெற்றியக் கொண்டு வரும்னு ஒண்ணு. இங்கிலீஷ்ல அந்த வெற்றி யாருக்குன்னு சொல்ற எடத்துல 'அஸ்'னு இருக்கும். நமக்கா, எங்களுக்கான்னு அந்த பாஷைல பிரிக்க முடியாது, நமக்கு அந்த வசதி இருக்கு. ஜனங்க அத 'எங்களுக்கு'ன்னு படிச்சாங்க, கஷ்டம் உங்களுக்கு, வெற்றி எங்களுக்குன்னு மேல இருக்குறவன் சொல்ற மாதிரி, எரிச்சல்தான் வந்துச்சு. தோத்துப்போன போஸ்டர்ல இருக்குற கத ஜெயிச்ச போஸ்டர்ல கெடைக்காதுங்க. உங்க கேரக்டர் பஸ்ஸுக்கு நிக்கும்போது இத வாசிச்சு உதட்டப் பிதுக்குறான்னு வைங்க, ஒரு பக்க விளக்கம் மிச்சம்.

அடுத்து, பிரச்சாரம்னா பொய்யின்னு நெனச்சு எழுதுறது. நான் இதத்தான் பெரிய தப்புன்னு சொல்வேன். 1943 ஏப்ரல்ல ஜெர்மன் ரேடியோ ஒரு செய்தி சொல்லுது, ரஷ்யாவுல இருக்குற காத்தின் காட்டுல ஆயிரக்கணக்கான போலந்து அதிகாரிங்களோட பொணம் கெடச்சிருக்கு, சுட்டது சோவியத்காரன்னு. சொல்றது யாரு, ஹிட்லரோட பிரச்சார மந்திரி கோயபல்ஸ் ஆளுங்க. ஊர் உலகத்துப் புளுகெல்லாம் புளுகினவங்க. ஆனா அது உண்ம! மாஸ்கோ மறுத்துச்சு, நீங்கதான்டா பண்ணினீங்கன்னு திருப்பிச் சொல்லிச்சு, ஸ்டாலின் கூட்டாளிங்கறதால லண்டன் வாயத் திறக்கல. மாஸ்கோ ஒத்துக்கிட்டது 1990லதான். இப்போ லண்டன்ல அகதியா இருக்குற ஒரு போலந்துப் பொண்ண யோசிங்க, புருஷனக் காணோம், பொய்யன் ஒருத்தன் உண்மையச் சொல்றான், நண்பன் பொய் சொல்றான். அவ யார நம்புவா? இதுல வில்லன் சிரிப்பெல்லாம் எதுக்கு.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. 1917ல, அதாவது முந்தின போர்ல, ஜெர்மன்காரன் தன் சொந்த சிப்பாய் பொணத்தையே காய்ச்சி கொழுப்பெடுக்குற ஃபேக்டரி வச்சிருக்கான்னு பிரிட்டிஷ் பேப்பர்ல வந்துச்சு. சுத்தப் புளுகு. 1925ல வெளியுறவு மந்திரி ஆஸ்டின் சேம்பர்லின் பார்லிமெண்ட்ல அதுக்கு ஆதாரம் கெடையாதுன்னு ஒத்துக்க வேண்டி வந்துச்சு. அந்தப் புளுகுக்கான வட்டிய வேற யாரோ கட்டினாங்க, ஏன்னா 1942ல யூதர்கள மொத்தமா கொல்றாங்கன்னு நெஜமாவே செய்தி வந்தப்போ நெறைய பேர் "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க"ன்னுட்டாங்க. டிசம்பர் 17ஆம் தேதி அப்போதைய வெளியுறவு மந்திரி ஈடன் பார்லிமெண்ட்ல அறிக்கை வாசிச்சு உறுப்பினர்கள் எந்திரிச்சு மௌனமா நின்னப்புறமும் சந்தேகம் முழுசாப் போகல. நம்ம நாவல்ல சந்தேகப்படுறவன் எப்பவும் கெட்டவன், நல்லவன் உடனே நம்பிடுவான். நடந்தது அப்படி இல்ல, 1917ல நம்பி ஏமாந்த ஒரு நல்ல மனுஷன்தான் 1942ல நம்ப மறுத்திருப்பான், அவன எழுதுங்க.

ரேடியோ பத்தி கொஞ்சம் சொல்லணும், எல்லாரும் ஒரே மாதிரி எழுதுறாங்க. லண்டன்காரன் போர்வைக்குள்ள பூந்து எதிரி ரேடியோ கேக்குற மாதிரி எழுதாதீங்க, பிரிட்டன்ல அதுக்குத் தடையே கெடையாது, 'ஹா-ஹா பிரபு'ன்னு கிண்டல் பேர் வச்சு ஜெர்மனிலேருந்து பேசினவன சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. பெர்லின்னா கத வேற. 1939 செப்டம்பர்லேருந்து வெளிநாட்டு ரேடியோ கேக்குறது குத்தம், ஜெயில், பின்னாடி தலையே போகலாம். ரேடியோ திருகுல எச்சரிக்க அட்ட ஒண்ணு தொங்கும். கேட்டு முடிச்சதும் முள்ள உள்ளூர் ஸ்டேஷனுக்குத் திருப்பி வச்சிட்டுத்தான் படுக்கணும், யாராவது வந்து பாத்தா? பயத்தப் பத்தி நாலு வரி எழுதுறதுக்கு பதிலா அந்தத் திருகல எழுதினா போதும். சோவியத்ல அதுவும் இல்ல, 1941 ஜூன்லயே ரேடியோ பெட்டிய ஒப்படைன்னு உத்தரவு, கம்பி வழியா வர்ற ஸ்பீக்கர்தான், அதுல ஸ்டேஷன் மாத்த திருகே கெடையாது.

கோயபல்ஸ் வாயில "பெரிய பொய்ய திரும்பத் திரும்பச் சொன்னா உண்மையாயிடும்"னு டயலாக் வைக்காம ஒரு நாவலும் முடியறதில்ல. அவரு அப்படிச் சொன்னதுக்கு ஆதாரம் எதுவும் இல்ல, தயவுசெஞ்சு விட்ருங்க. யோசிச்சுப் பாருங்க, பொய் சொல்றவன் நான் பொய்தான் சொல்வேன்னு மைக் வச்சா சொல்வான்? அவரோட வேலை பாதி குமாஸ்தா வேலை. தெனமும் பேப்பர்காரங்களக் கூப்பிட்டு இத எழுது, இத எழுதாத, இந்த வார்த்தையப் போடாதன்னு உத்தரவு கொடுக்குற ஆபீஸ். 1943 பிப்ரவரி 18 பெர்லின் ஸ்போர்ட்பலாஸ்ட் அரங்கக் கூட்டத்துல முழுப்போர் வேணுமான்னு கேட்டப்போ கத்தினாங்களே, அது பொறுக்கி எடுத்து உக்கார வச்ச கூட்டம். சேர்ல யார உக்கார வைக்கிறதுன்னு லிஸ்ட் போடுற ஆளு எனக்கு மேடைல கத்துறவர விட சுவாரஸ்யமா தெரியிறான்.

வார்த்தைலயும் கவனம் வேணும். 1916ல நிக்கிற சிப்பாய் 'முதல் உலகப்போர்'னு பேச மாட்டான், ரெண்டாவது வரும்னு அவனுக்கு ஜோசியமா தெரியும்? 1943ல பசிபிக் கடல்ல இருக்குற குவாடல்கனால் தீவுலேருந்து ஜப்பான் படை பின்வாங்கினத தலைமையகம் 'வேற தெசைக்கு முன்னேற்றம்'ங்கற அர்த்தத்துல அறிவிச்சுது, பேப்பர் படிக்கிற உங்க கேரக்டர் கையில இருக்குறது அந்த வார்த்ததான், தோல்விங்கற வார்த்த இல்ல.

கடைசி சீன்லதான் எல்லாரும் கோட்ட விடுறாங்க. 1945 ஆகஸ்ட் 15 மத்தியானம், ஜப்பான் சக்கரவர்த்தி ரேடியோல பேசுறாரு, ஜனங்க உடனே விழுந்து அழறாங்கன்னு எழுதிடுவாங்க. அது முந்தின ராத்திரி ரெக்கார்ட் பண்ணினது, அரண்மனை பாஷ, ஒரே இரைச்சல், சரணடையிறோம்ங்கற வார்த்தையே அதுல வரல, போர் நெலம நமக்கு சாதகமா அமையலங்கற மாதிரி சுத்தி வளச்சுப் பேசினாரு. கேட்டவங்கள்ல நெறைய பேருக்குப் புரியல, பின்னாடி அறிவிப்பாளர் விளக்கினப்புறம்தான் தெரிஞ்சுது. நீங்க எழுதும்போது அந்த நாலஞ்சு நிமிஷத்த அவசரப்பட்டுத் தாண்டாதீங்க. வெயில்ல தலகுனிஞ்சு நிக்கிறாங்க, ஒரு கெழவி பக்கத்துல நிக்கிறவன்கிட்ட மெதுவா கேக்குறா, "இன்னும் நல்லா சண்ட போடணும்னு சொல்றாரா?" அவனுக்கும் தெரியல, ஆமான்னு தலையாட்டுறான்.