மொபைல் ஏ.ஆர். பாடங்கள்: எங்கே சறுக்குகிறோம்?

மாணவர்களை வெளியே கூட்டிப்போய் போன் கேமராவில் தெரியும் நிஜக் காட்சியின் மேல் படமும் தகவலும் சேர்த்துக் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டியில், சுருக்கமாக ஏ.ஆரில், பாடம் நடத்துவது நல்ல யோசனைதான். ஆனால் செயலி என்னவெல்லாம் செய்யும் என்று பார்த்துவிட்டு, அதற்குத் தோதாகப் பாடத்தை வளைக்கிறோமே, அங்கேதான் வினை.

மரத்தடியில் நிற்கும் மாணவி போனைத் தூக்கினால், திரையில் முப்பரிமாண மரம் ஒன்று சுழல்கிறது. நிஜ மரம் எதிரே நிற்கும்போது இது எதற்கு? மண்ணுக்கடியில் ஓடும் வேரையோ, இலைக்குள் நடக்கும் ஒளிச்சேர்க்கையையோ காட்டினால் அர்த்தமுண்டு. காட்டிய கையோடு, திரையில் விடை கிடைக்காத கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும்: பட்டையில் பாசி எந்தப் பக்கம் அதிகம்? ஹார்வர்டின் ஈகோமொபைல் என்ற சூழலியல் பாடத் திட்டத்தில் போன் வழிகாட்டியது. மாணவர்களோ குளத்து நீரில் கருவியை விட்டு, கரைந்துள்ள ஆக்சிஜனை அளந்தார்கள். இருவருக்கு ஒரு போன் போதும். ஒருவர் கண்ணாவது குளத்தின் மேல் இருக்கும்.

அடுத்தது, ஜி.பி.எஸ்.ஸை அளவுக்கு மீறி நம்புவது. திறந்தவெளியிலேயே ஸ்மார்ட்போன் சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டலாம். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் பிழை இன்னும் கூடும். உள்ளே வந்தால் தகவல் திறக்கட்டும் என்று செயலியில் சிலையைச் சுற்றி 3 மீட்டர் வட்டம் போட்டு வைத்தால், சிலைக்கு முன்னால் நின்றாலும் தகவல் திறக்காது. அல்லது பக்கத்துச் சிலையின் கதை வந்து நிற்கும். வட்டத்தை 15, 20 மீட்டராக்கி, நிறுத்தங்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள். நெருக்கமான பொருள்களுக்கும் கட்டடத்தின் உட்புறத்துக்கும் க்யூஆர் கோடே மேல். இரும்புக் கிராதி அருகே திசைகாட்டியும் தடுமாறும், அம்புக்குறியை மட்டும் நம்பி வழி சொல்லாதீர்கள்.

ஒத்திகையை அறைக்குள் முடித்துவிடுவது இன்னொரு தவறு. உச்சி வெயிலில் திரை தெரியாது. கேமராவும் ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்து ஓடினால் போன் சுடும், சார்ஜ் கரையும். பாடம் நடக்கப்போகும் அதே நேரத்தில், இருப்பதிலேயே பழைய போனோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.

ஒரே செயலியை நம்பி எல்லாவற்றையும் அதற்குள் கொட்டிவிடாதீர்கள். வகுப்புகளுக்கான கூகுளின் மெய்நிகர் சுற்றுலாச் செயலி எக்ஸ்பெடிஷன்ஸே 2021இல் மூடப்பட்டது. எழுத்து, படம், ஒலி எல்லாவற்றுக்கும் தனிப் பிரதி வேண்டும்.

இடத்தைக் கேட்காமல் இறங்குவதும் கூடாது. 2016இல் ஊருக்குள் நடந்தபடி போனில் ஆடும் ஏ.ஆர். விளையாட்டான போகிமான் கோ பரவியபோது, வாஷிங்டனிலுள்ள, யூத இனப்படுகொலையை நினைவுகூரும் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம் இங்கே விளையாடாதீர்கள் என்று சொல்ல வேண்டிவந்தது. பிள்ளைகளின் இருப்பிடத் தகவலுக்கும் அதே கவனம் தேவை: செயலி திறந்திருக்கும்போது மட்டும் அனுமதி கொடுங்கள், பாடம் முடிந்ததும் அதையும் அணைத்துவிடுங்கள்.