‘சலசல’வுக்கு இங்கிலீஷில் ஒரே வார்த்தை தேடாதீர்கள்

ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி உடுமலை, பல்லடம் பக்கம் வந்துவிட்டால் காட்டில் சோளத்தட்டு சலசலக்கும். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் அதுவும் சலசலக்கும், புதுப் பட்டுப்புடவையைப் பிரித்தால் அதுவும் சலசலதான். தமிழுக்கு இது போதும். இங்கிலீஷுக்குப் போதாது. அங்கே தட்டு, பட்டு, காகிதம் எல்லாம் ‘ரஸில்’ (rustle) ஆகும். தண்ணீர் கல்லில் பட்டு ஓடினால் ‘பேபிள்’ (babble), குறுகலான இடத்தில் களகளவென்று இறங்கினால் ‘கர்கிள்’. ‘த வாட்டர் ரஸில்ட்’ என்று எழுதினால், வாசிக்கிறவர் தண்ணீருக்குள் சருகு ஏதும் கிடக்கிறதா என்றுதான் யோசிப்பார்.

சத்தத்தையும் அசைவையும் சொல்லும் இந்த வார்த்தைகளில் நம் ஆட்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். நோட்டில் கோடு போட்டு இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ் வார்த்தை என்று மனப்பாடம் பண்ணுகிறோம், ஆனால் சத்தம் எதிலிருந்து வருகிறது என்பதைக் குறிப்பதே இல்லை. அந்தப் பொருளையும் சேர்த்து எழுதிவைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முணுமுணுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பத்தா சாமி முன்னால் நின்று மெதுவாகச் சொல்வது ‘மர்மர்’. சில்லறை இல்லை என்றதும் கண்டக்டர் எரிச்சலோடு அடிக்குரலில் எதையோ சொல்லிக்கொண்டே போகிறாரே, அது ‘மட்டர்’ (mutter). மார்க் எவ்வளவு என்று அப்பா கேட்டால் பையன் வாய்க்குள்ளேயே மெல்லும் பதில் ‘மம்பிள்’. மூன்றுக்கும் நாம் ஒரே அர்த்தம் எழுதுவதால், அன்பாகப் பேசும் காதலனை ‘மட்டர்’ பண்ண வைத்துவிடுகிறோம், பாவம். ‘விதவுட் எ மர்மர்’ என்றால் சத்தமில்லாமல் என்று நினைக்காதீர்கள், மறுபேச்சு பேசாமல் என்று அர்த்தம். டாக்டர் ‘ஹார்ட் மர்மர்’ என்றால் அது இன்னொரு கதை: இதயத்துக்குள் ரத்தம் சுழன்று ஓடுவதால் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் கூடுதல் சத்தம்.

அடுத்தது இரட்டிப்பு. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியக் காலத்திலிருந்தே நமக்குப் பழக்கம், அதனால் இங்கிலீஷிலும் ‘ரஸில் ரஸில் சவுண்ட்’ என்று கை தானாகப் போகிறது. அங்கே திரும்பத் திரும்ப நடப்பதைப் பல சமயம் வார்த்தையின் வாலே சொல்லிவிடும். விறகு ஒருமுறை வெடித்தால் ‘க்ராக்’, விடாமல் சடசடவென்று பொரிந்தால் ‘க்ராக்கிள்’. லேசாக ஒரு தட்டு தட்டினால் ‘பேட்’ (pat), தகரக் கூரையில் தூறல் விடாமல் தட்டினால் ‘பேட்டர்’ (patter). (அடைமழைக்கு ‘பேட்டர்’ ஒத்துவராது, அது ரொம்ப மெல்லிசு.) அதோடு, நாம் ‘சலசலவென்று அசைந்தது’ என்று சத்தத்தை ஒட்டவைப்போம், அவர்கள் சத்தத்தையே வினையாக்கி ‘த லீவ்ஸ் ரஸில்ட்’ என்று முடித்துவிடுவார்கள். ‘சவுண்ட்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

அசைவுக்கு வந்தால், யார் ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். இலவம்பஞ்சு காற்று இழுத்த பக்கம் போவது ‘ட்ரிஃப்ட்’. பருந்து இறக்கையை அடிக்காமல் தன் போக்கில் வழுக்கிக்கொண்டு போவது ‘க்ளைட்’. பட்டாம்பூச்சிக்கு ‘ஃப்ளட்டர்’, காக்காய்க்கு ‘ஃப்ளாப்’. பொள்ளாச்சித் தென்னை ‘ஸ்வே’ ஆகும், தூரி (ஊஞ்சல்) ‘ஸ்விங்’ ஆகும். சோமனூர் விசைத்தறிக்கு ‘ஹம்’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். தறிக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றவர்கள் அப்படி எழுதமாட்டார்கள், அது ‘க்ளாட்டர்’ (clatter).

முதல் எழுத்துகளை வைத்து அர்த்தம் ஊகிக்கும் ஒரு உத்தியும் சுற்றுகிறது. ‘க்ள’வில் (gl) தொடங்கினால் மினுமினுப்பு: க்ளிட்டர், க்ளீம், க்ளோ. இப்படிப்பட்ட எழுத்துச் சேர்க்கைக்கு ஜே.ஆர். ஃபிர்த் என்ற மொழியியலாளர் 1930-இல் ‘ஃபோனஸ்தீம்’ என்று பெயரே வைத்தார். ஞாபகம் வைத்துக்கொள்ள உதவும், சரி. ஆனால் ஒட்டும் பசையான ‘க்ளூ’ (glue) எங்கே மினுங்குகிறது?

‘விஸ்பர்ட் சாஃப்ட்லி’, ‘க்ரெப்ட் ஸ்லோலி’ என்று எழுதுவதையும் விடுங்கள். விஸ்பர் என்றாலே மெதுவாகப் பேசுவதுதான், பிறகு எதற்கு சாஃப்ட்லி?

கடைசியாக உச்சரிப்பு. எழுத்தில் ‘டி’ (t) இருப்பதைப் பார்த்து ‘ரஸ்டில்’ என்கிறார்கள். விசிலிலும் அதே ‘டி’ இருக்கிறது, அதை யாரும் ‘விஸ்டில்’ என்பதில்லையே. ஹஸில் (hustle), பஸில் (bustle), ரெஸில் (wrestle) எல்லாவற்றிலும் அந்த ‘டி’ சும்மாதான் உட்கார்ந்திருக்கும். சந்தேகம் வந்தால் டிக்‌ஷனரி ஆப்பில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை அழுத்திக் கேட்டுவிடுங்கள்.