குழந்தைகளோடு கென்யா சஃபாரி: இடங்களைக் குறையுங்கள், நாட்களைக் கூட்டுங்கள்

ஊரிலிருந்து யாராவது கென்யா வரப்போகிறோம் என்று சொல்லி அனுப்பும் பயணத்திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆறு நாளில் அம்போசெலி, நைவாஷா, நகுரு, மசாய் மாரா, திரும்ப நைரோபி. ஏஜென்ட் போட்டுக்கொடுத்ததாக இருக்கும். நான் நைரோபியில் குடும்பத்தோடு இருப்பதால், சொந்தக்காரர்கள், கணவரின் நண்பர்கள் என்று பலரும் அந்தத் தாளை என்னிடம் அனுப்பி "சரியா இருக்கா பாரு" என்பார்கள். கூட வருவது குழந்தைகள் என்றால் நான் முதலில் செய்வது, அதில் பாதி இடங்களை அடித்துவிடுவதுதான்.

காரணம் எளிது. சஃபாரி என்பதே வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது. காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம். அதற்கு மேல் ஊர் விட்டு ஊர் போகும் பயணமும் சேர்ந்தால், பிள்ளைகள் மூன்றாம் நாளே சோர்ந்துவிடுவார்கள். அம்போசெலியிலிருந்து மாரா போவதற்கே ஒரு பகல் முழுக்கப் போய்விடும். கிளிமஞ்சாரோ மலையைப் பின்னால் வைத்து யானைக்கூட்டம் நடந்து வருவதைப் பார்க்க அம்போசெலி போல வேறு இடம் கிடையாது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மாராவா அம்போசெலியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த இடத்தில் மூன்று இரவாவது தங்குங்கள்.

நான் வழக்கமாகப் போட்டுக்கொடுப்பது இது. நைரோபியில் இரண்டு இரவு. அங்கிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணத்தில் நைவாஷா ஏரி, அங்கே இரண்டு இரவு. பிறகு மாராவில் மூன்று அல்லது நான்கு இரவு. மாராவிலிருந்து சிறிய விமானத்தில் நைரோபி திரும்பிவிடலாம். முக்கால் மணி நேரம்தான்.

நைரோபியை வெறும் விமான நிலையமாக நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். ஷெல்ட்ரிக் யானைக் காப்பகத்தில் காலை 11 முதல் 12 மணி வரை, தாயை இழந்த குட்டிகள் ஓடி வந்து புட்டியில் பால் குடிப்பதைப் பார்க்கலாம். முன்பதிவு கட்டாயம். விடுமுறைக் காலத்தில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் விமான டிக்கெட் போட்ட கையோடு இதையும் போட்டுவிடுங்கள். பசும்பால் கொழுப்பு யானைக்குட்டிக்குச் சேராது என்று கண்டு, பல வருடம் முயன்று, தேங்காய் எண்ணெய் கலந்த பால்தான் ஒத்துவருகிறது என்று இந்தக் காப்பகத்தைத் தொடங்கிய டாப்னி ஷெல்ட்ரிக் கண்டுபிடித்த கதையை முன்கூட்டியே பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். பிறகு அவர்கள் அந்தப் புட்டிகளைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். பக்கத்திலேயே ஜிராஃப் சென்டர். உயரமான மேடையில் ஏறி நின்றால் ஒட்டகச்சிவிங்கியின் முகம் குழந்தையின் முகத்துக்கு நேராக வரும். கையிலுள்ள தீவனத்தைக் கருநீல நாக்கால் சுருட்டி எடுக்கும், உள்ளங்கையெல்லாம் பிசுபிசுத்துப் போகும்.

நைவாஷாவில் குழந்தைகளுக்குக் கிடைப்பது, கால் தரையில் படும் சஃபாரி. கிரசென்ட் தீவில் சிங்கம் கிடையாது. அதனால் வரிக்குதிரைக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் நடுவே நடந்தே போகலாம். போகும் வழியில் படகிலிருந்து நீர்யானைகளைப் பார்க்கலாம். மாராவில் மூன்று நாள் வண்டியை விட்டு இறங்க முடியாமல் இருக்கப்போகும் பிள்ளைகளுக்கு, அதற்கு முன் இப்படி ஓடியாடும் ஒரு நாள் அவசியம்.

எந்த மாதம்

நம் பள்ளி விடுமுறைக்கும் இங்குள்ள மழைக்கும் ஒத்துப்போவதில்லை. மார்ச் முதல் மே வரை கென்யாவில் பெருமழைக் காலம். நமக்கு ஏப்ரல், மேதான் பெரிய லீவு. அந்த நேரத்தில் தங்குமிடங்கள் விலை குறைவு, புல்வெளி பச்சைப்பசேல் என்று இருக்கும், கூட்டமும் இருக்காது. ஆனால் மாராவின் மண் கரிசல். மழை பெய்தால் அது என்ன ஆகும் என்று கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி புதைந்து மணிக்கணக்கில் நிற்கும். கைக்குழந்தையோடு அதில் மாட்ட வேண்டாம்.

என்னைக் கேட்டால் காலாண்டு விடுமுறைதான் மிகப் பொருத்தம். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும், தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வந்த வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் ஒரு மான் இனம்) கூட்டம் மாராவில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். சிறுமழை தொடங்க இன்னும் நாள் இருக்கும். லீவு பத்தாது, பள்ளியில் சில நாள் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். கேட்டு வாங்குங்கள்.

மே மாதத்தை விட்டால் வழியே இல்லை என்பவர்கள் கென்யாவை விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கே மே மாதம் வறண்ட காலத்தின் தொடக்கம். பிலானெஸ்பெர்க், மடிக்வே போன்ற இடங்களில் மலேரியாவும் கிடையாது. ஆனால் அங்குள்ள தனியார் விடுதிகளில் சஃபாரி வண்டி பக்கமெல்லாம் திறந்தது. ஆறு வயதுக்குக் கீழே பல இடங்களில் ஏற்ற மாட்டார்கள். பதிவு செய்யும் முன்பே வயதைச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த வயது

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் நைரோபியும் நைவாஷாவும் போதும். நைரோபி தேசியப் பூங்காவிலேயே சிங்கம், காண்டாமிருகம், எருமை எல்லாம் உண்டு. பின்னணியில் நகரத்துக் கட்டடங்கள் தெரியும், அரை நாளில் அறைக்குத் திரும்பித் தூங்க வைத்துவிடலாம். ஏழு, எட்டு வயதிலிருந்து மாராவை முழுசாக அனுபவிப்பார்கள். வெப்பக் காற்று பலூனுக்கும் நடைச் சஃபாரிக்கும் வயது அல்லது உயர வரம்பு உண்டு. பிள்ளையிடம் ஆசை காட்டும் முன் விசாரித்துவிடுங்கள்.

பணம்

விடுதிக் கட்டணத்தை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள். மாரா காப்பகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நுழைவுக் கட்டணம் தனி. வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை நாளுக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். 9 முதல் 17 வயது வரை 50 டாலர், 8 வயதும் அதற்குக் கீழும் இலவசம். 2024-இல் வந்த கணக்கு இது, பதிவு செய்யும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இருவர், 7 வயதிலும் 10 வயதிலும் பிள்ளைகள் என்றால் செப்டம்பரில் ஒரு நாளுக்கு 450 டாலர். அந்த டிக்கெட் அன்றைய பகலுக்கு மட்டும்தான். கிளம்பும் நாளில் காலையில் எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும் என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் இன்னொரு நாள் கட்டணம் கேட்பார்கள்.

கையில் கொஞ்சம் வசதி இருந்தால் நபோய்ஷோ, மாரா நார்த் போன்ற, மாரா காப்பகத்தை ஒட்டியுள்ள கன்சர்வன்சிகளில் (தனிக் காப்பகங்களில்) தங்குவதையே சொல்வேன். மசாய் மக்களின் நிலம், குத்தகைப் பணம் அவர்களுக்குப் போகிறது. அங்கே வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. இரவிலும் சஃபாரி போகலாம். மசாய் வழிகாட்டிகளோடு முகாமைச் சுற்றி நடந்து காலடித்தடம் பார்க்கவும், வில் விடவும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் முகாம்களும் உண்டு.

ஊசி, மாத்திரை, காகிதம்

கென்யா போய்விட்டு இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. சாதாரண கிளினிக்கில் போட்டுக்கொண்டு வந்தால் செல்லாது. அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்கு இது போடுவதில்லை. முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மாராவில் மலேரியா உண்டு. அதற்கான தடுப்பு மாத்திரையைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் தொடர வேண்டும். குழந்தையின் எடையைப் பார்த்துத்தான் அளவு. ஆகவே குழந்தை மருத்துவரையே கேளுங்கள், பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். திரும்பி வந்து சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், "ஆப்பிரிக்கா போய் வந்தோம்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கென்யாவுக்கு இப்போது விசா இல்லை, இணையவழிப் பயண அனுமதி. கைக்குழந்தைக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

வண்டியும் ஒரு நாளும்

வேறு குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளும் வண்டி மலிவு. குழந்தைகளோடு அது வேண்டவே வேண்டாம் என்பேன். விடுதியில் மிச்சம் பிடியுங்கள், நீச்சல் குளத்தை விட்டுக்கொடுங்கள், வண்டி மட்டும் உங்களுக்கென்று தனியாக, கூரை உயரும் லேண்ட் குரூஸராக இருக்கட்டும். குழந்தை இருக்கை வேண்டுமென்றால் முன்பே சொல்லுங்கள். டிரைவர்தான் வழிகாட்டியும். முதல் நாளே அவரிடம், "எங்களுக்கு எல்லா மிருகமும் பார்த்தாக வேண்டும் என்றில்லை, பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள்" என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாவிட்டால் ரேடியோவில் சிறுத்தை என்று சத்தம் வந்ததும் அவர் பறந்துவிடுவார். பெரும்பாலான பயணிகள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

அண்ணன் குடும்பம் வந்தபோது, புதர் நிழலில் ஒரு சிங்கம் படுத்திருந்தது. நாங்கள் அது எழுமா என்று பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் மகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு தரையையே பார்த்தாள். சாணி வண்டு ஒன்று தலைகீழாக நின்று, பின்னங்காலால் ஒரு உருண்டையைத் தள்ளிக்கொண்டு போனது. உருண்டையின் மேல் இன்னொரு வண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. டயர் பதிந்த பள்ளத்தில் உருண்டை விழுந்தது. மேலே தள்ளும், சறுக்கும், மறுபடி தள்ளும். டிரைவர் தன் கதவைத் திறக்காமல் தலையை மட்டும் வெளியே நீட்டி, மேலே இருப்பது பெண் வண்டாக இருக்கும் என்றும், உருண்டையைப் புதைத்து அதில்தான் முட்டையிடும் என்றும் அவளுக்குச் சொன்னார். "அங்கிள், இப்ப வண்டிய எடுக்காதீங்க, நசுங்கிடும்" என்றாள். வண்டு மேலேறும் வரை எஞ்சினைப் போடவில்லை அவர். அப்படி ஒரு டிரைவர் கிடைத்துவிட்டால், அவர் பெயரை மற்றவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள், கடைசி நாள் டிப்ஸில் கை சுருக்காதீர்கள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றதும் பெற்றோர் பயப்படுவார்கள். பயப்பட வேண்டாம். கென்யா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். ஊரில் ஏழு மணிக்கு எழும் பிள்ளை இங்கே நாலரைக்கே கண் விழித்துவிடும். சாயங்காலம்தான் சிக்கல், ஏழு மணிக்கே சாய்ந்துவிடுவார்கள். விடுதியில் இரவுச் சாப்பாடு ஏழரைக்கு மேல்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு மட்டும் ஆறரைக்கே கொடுத்துவிடச் சொன்னால் செய்து தருவார்கள். மதிய வேளையில் மிருகங்களும் தூங்கும், பிள்ளைகளையும் தூங்க விடுங்கள். நாள் முழுக்க வெளியே சுற்றும் திட்டம் வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. கென்யாவில் சப்பாத்தியும் பச்சைப்பயறுக் குழம்பும் வீட்டுச் சாப்பாடு. சைவம் என்று முன்பே சொன்னால் மாரா முகாம்களிலும் பருப்பு, காய், சாதம் கிடைக்கும். தயிருக்கும் ஊறுகாய்க்கும் நைரோபியில் பார்க்லண்ட்ஸ் பக்கம் இந்தியக் கடைகள் நிறைய.

ஒன்றுக்கு வந்தால்? இதைக் கேட்க எல்லோரும் கூச்சப்படுவார்கள். டிரைவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். புதர் இல்லாத வெட்டவெளியாகப் பார்த்து நிறுத்தி, சுற்றிலும் பார்த்துவிட்டு, வண்டியின் பின்பக்கச் சக்கரத்தை ஒட்டி இறங்கச் சொல்வார். புதர் மறைவுக்குப் போகக் கூடாது, மறைவில்தான் ஆபத்து. சின்னப் பிள்ளைகளுக்கு மூடியுள்ள ஒரு டப்பாவை வண்டியிலேயே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

சிங்கத்தின் அருகே குரல் உயர்த்தக் கூடாது, கையை வெளியே நீட்டக் கூடாது என்பதை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள். முகாமில் இருட்டிய பிறகு காவலர் துணையின்றி கூடாரத்தை விட்டு வெளியே போகக் கூடாது. பெரும்பாலான முகாம்களுக்கு வேலி கிடையாது, ஆற்றோர முகாம்களில் இரவில் நீர்யானை மேய வரும். அதனால் பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் குடும்பக் கூடாரமாகக் கேளுங்கள். இரண்டு தனிக் கூடாரங்கள் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எடுத்து வர வேண்டியவை

ஸ்வெட்டர், குல்லா. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து மெல்லிய சட்டையோடு வருகிறார்கள். மாரா 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, விடியற்காலையில் பல் கிட்டும். ஆளுக்கொரு பைனாகுலர், இதில் பகிர்ந்துகொள்ளச் சொன்னால் சண்டைதான். வீசிங் உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர், ஏனென்றால் புழுதி அதிகம். சதுரக் கால் மூன்று உள்ள பிளக் அடாப்டர். பாலிதீன் பை 2017 முதல் கென்யாவில் தடை, பெட்டிக்குள் துணி சுற்றிய கவர்கள் உட்பட. ஊரிலேயே எல்லாவற்றையும் மஞ்சப்பைக்கு மாற்றிவிடுங்கள். காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலும் கூடாது, ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள்.

சிறிய விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையாக இருக்க வேண்டும். கெட்டி சூட்கேஸை நைரோபி ஹோட்டலிலேயே விட்டுவிட்டு வரலாம். அந்த விமானம் இறங்குவது வில்சன் விமான நிலையத்தில். உங்கள் ஊர் விமானம் கிளம்புவது ஜோமோ கென்யாட்டாவிலிருந்து. நடுவே நைரோபி டிராஃபிக். குறைந்தது ஐந்து மணி நேர இடைவெளி விடுங்கள். எல்லோருடைய மஞ்சள் காய்ச்சல் அட்டைகளும் பாஸ்போர்ட்டோடு கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டாம்.