கல்ஃப்ல இருந்துக்கிட்டே டிகிரி: அரபு ஓபன் யுனிவர்சிட்டில சேர்றது எப்படி

பிள்ளைங்க பிளஸ் டூ முடிக்கிற நேரத்துல கல்ஃப்ல நம்ம ஆளுங்க வீட்ல ஓடுற பேச்சு ஒண்ணுதான், ஊருக்கு அனுப்பி ஹாஸ்டல்ல போடுறதா இல்ல இங்கயே ஏதாவது படிக்க வைக்கிறதா. அரசு யுனிவர்சிட்டின்னா அந்த நாட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் முதல் இடம், நமக்கு சீட் கிடைக்கிறது அபூர்வம், பிரைவேட் காலேஜ் ஃபீஸ் கேட்டா தலை சுத்தும். இன்னொரு பக்கம் பிளஸ் டூவோட வேலைக்கு வந்து, வேலை நல்லாத் தெரிஞ்சும் டிகிரி இல்லன்னு ப்ரமோஷன் நின்னு போனவங்க இருக்காங்க. இந்த ரெண்டு கூட்டமும் கண்டிப்பா விசாரிச்சுப் பாக்க வேண்டிய இடம் அரபு ஓபன் யுனிவர்சிட்டி, சுருக்கமா ஏஓயு.

இது நேத்து முளைச்ச ஆன்லைன் டிகிரி கடை இல்ல. சவுதி இளவரசர் தலால் பின் அப்துல் அசீஸ் முன்னாடி நின்னு ஆரம்பிச்சது, 2002ல வகுப்பு தொடங்குச்சு, தலைமையகம் குவைத் (நம்ம தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்ததும் அதே 2002தான்). குவைத், சவுதி, பஹ்ரைன், ஓமன், ஜோர்டான், லெபனான், எகிப்து, சூடான், பாலஸ்தீனம்னு கிளை இருக்கு, சூடான்ல 2023 ஏப்ரல்ல சண்டை தொடங்கினதுல இருந்து அங்க நிலைமை வேற. 1969ல பிரிட்டன்ல ஆரம்பிச்ச ஓபன் யுனிவர்சிட்டியோட பாடப் புத்தகம், கோர்ஸ் அமைப்பு இதுக்கெல்லாம் ஒப்பந்தம் போட்டுத்தான் இவங்க கிளம்பினாங்க, அதனால பல கோர்ஸ்ல முடிக்கும்போது ஏஓயு சான்றிதழோட பிரிட்டன் யுனிவர்சிட்டி அங்கீகரிச்ச சான்றிதழும் சேர்ந்து வரும். பல கோர்ஸ்லன்னுதான் சொல்றேன், எல்லாத்துலயும்னு சொல்லல, நீங்க எடுக்கப் போற கோர்ஸுக்கு, உங்க கிளைல அது உண்டான்னு சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க.

முதல்ல ஒரு நினைப்பை மாத்திக்கணும். பிரிட்டன்ல அந்த ஓபன் யுனிவர்சிட்டில பெரும்பாலான டிகிரிக்கு ஸ்கூல் முடிச்ச சர்டிபிகேட்கூட கேக்க மாட்டாங்க, ஏஓயு அப்படி இல்ல, பிளஸ் டூ பாஸ் பண்ணிருக்கணும், அதையும் அந்தந்த நாட்டு அரசாங்கம் ஒத்துக்கணும். அப்புறம் வீட்லயே உக்காந்து எல்லாத்தையும் முடிச்சிடலாம்னும் நினைக்காதீங்க, கொஞ்சம் நம்மளா படிக்கிறது, கொஞ்சம் நேர்ல போய் உக்கார்ற வகுப்புங்கற கலப்பு முறைதான் இங்க. ரெகுலர் காலேஜ விட வகுப்பு கம்மி, ஆனா இருக்கு, அட்டெண்டன்ஸும் எடுப்பாங்க. ஷிஃப்ட் வேலை பாக்குறவங்க வகுப்பு டைம்டேபிளை வாங்கிப் பாத்துட்டு, சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டு அப்புறம் பணம் கட்டுங்க.

இனி பேப்பர் வேலை. முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கிறது படிப்புல இல்ல, இங்கதான்.

ஊர்ல படிச்ச பிளஸ் டூ மார்க் ஷீட்னா அதுக்கு அட்டெஸ்டேஷன், அதாவது இது அசல்தான்னு அரசாங்க முத்திரை வேணும். ஒரு நாட்டு முத்திரையை இன்னொரு நாடு அப்படியே ஏத்துக்கற அப்போஸ்டில் ஒப்பந்தத்துல சவுதி, ஓமன், பஹ்ரைன் மூணும் இருக்கு (சவுதி 2022 டிசம்பர்லதான் வந்துச்சு), அதனால அங்க காட்டுறதுக்கு நம்ம வெளியுறவு அமைச்சகத்தோட அப்போஸ்டில் ஸ்டிக்கர் வாங்கிட்டாப் போதும்னு ஆகிருக்கு. குவைத் அந்த ஒப்பந்தத்துல இல்ல, அங்க பழைய வழிதான், மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், டெல்லில இருக்கற குவைத் எம்பசி, அப்புறம் குவைத் வெளியுறவு அமைச்சகம்னு வரிசையா முத்திரை குத்தணும். லீவுக்கு ஊருக்குப் போகும்போதே இதை முடிச்சுட்டு வாங்க, இங்கருந்து கூரியர்ல அனுப்பி ஏஜென்ட் பின்னாடி அலையறது செலவும் ஜாஸ்தி, ஒரிஜினல் எங்க கிடக்குதுங்கற கவலையும் ஜாஸ்தி. பிள்ளை கல்ஃப்லயே சிபிஎஸ்இ ஸ்கூல்ல படிச்சிருந்தா ஸ்கூல்லயே விசாரிங்க, அவங்களுக்கு வருஷா வருஷம் பண்ற வேலை அது.

அடுத்தது முஆதலா. நம்ம பிளஸ் டூ அந்த நாட்டு செகண்டரிக்குச் சமம்னு அரசாங்கம் தர்ற பேப்பர். இதுக்கு மார்க் மட்டும் பாக்க மாட்டாங்க, எந்தெந்தப் பாடம் எடுத்தோம்னும் பாப்பாங்க, சில இடத்துல பத்தாவது, பதினொண்ணாவது மார்க் ஷீட்டும் கேப்பாங்க, அதனால பழைய ஸ்கூல் பேப்பர் எதையும் தூக்கிப் போட்டுறாதீங்க. பாஸ்போர்ட்ல ஒரு ஸ்பெல்லிங், மார்க் ஷீட்ல ஒரு ஸ்பெல்லிங், இனிஷியல் ஒண்ணுல முன்னாடி இன்னொண்ணுல அப்பா பேரா விரிச்சு எழுதினதுன்னு இருந்தா கவுண்டர்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. நம்ம இனிஷியல் கணக்கு அரபுக்காரங்களுக்கு எப்படிச் சொன்னாலும் புரியாது, நம்ம எம்பசில இந்த ரெண்டு விதப் பேரும் ஒரே ஆளோடதுதான்னு ஒரு லெட்டர் வாங்கி ஃபைல்ல வச்சிருங்க. கூடவே பாஸ்போர்ட் காப்பி, இகாமா (குடியிருப்பு அனுமதி) இல்லன்னா பத்தாக்கா (அந்த நாட்டு அடையாள அட்டை) காப்பி, போட்டோ. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி போன்லயும் வச்சுக்கோங்க.

வளர்ந்த பையன் இருக்கற வீட்ல இன்னொரு விஷயம். ஒரு குறிப்பிட்ட வயசு தாண்டினா பையனை அப்பா அம்மாவோட டிபென்டன்ட் விசால வச்சிருக்கறது சிக்கலாகும், அந்த நேரத்துல படிக்கிறான்னு காட்ற லெட்டர் உதவலாம், இல்ல படிப்பு விசாக்கு மாறச் சொல்லலாம், நாட்டுக்கு நாடு விதி வேற, அடிக்கடி மாறவும் செய்யும். வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பாம கம்பெனில அரசாங்க பேப்பர் வேலை பாக்கற மந்தூப்கிட்ட கேளுங்க.

அப்ளிகேஷன் ஆன்லைன்லதான், அந்தந்தக் கிளையோட சைட்ல போடணும், ஒரு நாட்டுக் கிளையோட ஃபீஸும் கோர்ஸும் இன்னொரு நாட்டுக்குப் பொருந்தாது. பிசினஸ், கம்ப்யூட்டர், இங்கிலீஷ் இலக்கியம் இது மூணும்தான் முக்கியமானது, பெரும்பாலும் இங்கிலீஷ்லயே பாடம், அரபி தெரியாதவங்களுக்கு அது பெரிய ஆறுதல். சேரும்போது இங்கிலீஷ் பிளேஸ்மென்ட் டெஸ்ட் இருக்கும், மார்க் குறைஞ்சா முதல்ல இங்கிலீஷ் ஃபவுண்டேஷன் கோர்ஸ் படிக்கச் சொல்வாங்க, அதுக்குத் தனி ஃபீஸ், தனி நேரம். ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ஸ்கோர் இருந்தா காட்டுங்க, டெஸ்ட்ல இருந்து விலக்கு கிடைக்கலாம். நம்ம பிள்ளைங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம்தானேன்னு அலட்சியமா போய் உக்காந்துறாதீங்க, ஒரு வாரம் கிராமரைத் தூசி தட்டிட்டுப் போங்க, ஒரு செமஸ்டர் மிச்சமாகும்.

உள்ள போனதும் அடிக்கடி காதுல விழற வார்த்தை டிஎம்ஏ, அதாவது டியூட்டர் திருத்தி மார்க் போடற அசைன்மென்ட். அது, நடுவுல ஒரு டெஸ்ட், கடைசில ஃபைனல், இந்த மூணுலதான் மார்க். ஃபைனல்ல வாங்கிக்கலாம்னு டிஎம்ஏவை விட்டுட்டா கதை முடிஞ்சுது, ஃபைனல்ல எவ்வளவு வாங்கினாலும் மொத்த மார்க் இடிக்கும். வாட்ஸ்அப் குரூப்ல டிஎம்ஏ எழுதித் தர்றேன்னு காசு கேட்டு வர்ற ஆளுங்க இருக்காங்க, அந்தப் பக்கமே போகாதீங்க, ஒரே ஆன்சரை பத்துப் பேருக்கு விப்பான், காப்பி கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் பத்துப் பேரையும் பிடிச்சுக் குடுத்துரும். வேலைக்குப் போயிட்டே படிக்கிறவங்க முதல் செமஸ்டர்ல கோர்ஸை எவ்வளவு கம்மியா எடுக்க விடறாங்களோ அவ்வளவு கம்மியா எடுங்க, வேகம் பிடிபட்டதும் கூட்டிக்கலாம்.

இது ஒண்ணுதான்னு இல்ல, அரபு நாடுகள்ல இந்த மாதிரி வேற இடமும் இருக்கு. பாலஸ்தீனத்துல அல்-குத்ஸ் ஓபன் யுனிவர்சிட்டி 1991லயே வகுப்பு ஆரம்பிச்சது, முதல் இன்திஃபாதா (பாலஸ்தீன மக்கள் எழுச்சி) நேரத்துல இஸ்ரேல் அங்க யுனிவர்சிட்டிகளை இழுத்து மூடினப்ப, செக்போஸ்ட் தாண்டிப் போக முடியாத பிள்ளைங்களுக்கு வீட்டுப் பக்கத்துல படிப்பு எவ்வளவு முக்கியம்னு புரிஞ்சுது. சிரியால 2002ல இருந்து விர்ச்சுவல் யுனிவர்சிட்டி இருக்கு, சவுதி அரசே 2011ல எலக்ட்ரானிக் யுனிவர்சிட்டி ஆரம்பிச்சுது. துபாய்ல ஏஓயு கிளை கிடையாது, அங்க இருக்கறவங்க ஹம்தான் பின் முகமது ஸ்மார்ட் யுனிவர்சிட்டியைப் பாக்கலாம், ஆனா ஃபீஸை முதல்ல கேட்டுட்டு மத்ததைப் பேசுங்க.

கடைசியா, இந்த டிகிரி ஊர்ல செல்லுமாங்கற கேள்வி. கல்ஃப்லயே வேலை பாக்கணும், இல்ல பிரிட்டன் பக்கம் மேல்படிப்புக்குப் போகணும்னா கவலை கொஞ்சம் கம்மி. ஆனா ஊருக்குத் திரும்பி அரசு வேலை, பிஎட், டீச்சர் போஸ்ட்னு ப்ளான் இருந்தா நிலைமை வேற, வெளிநாட்டு டிகிரிக்கு சமநிலைச் சான்று வாங்கணும், தொலைதூரமா கலப்பு முறையாங்கறது அங்க பெரிய கேள்வியா வரும். ஏஐயு (இந்தியப் பல்கலைக்கழகங்களோட சங்கம்), யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ரெண்டு சைட்லயும் இப்ப நடப்புல இருக்கற விதியைப் படிங்க, யுனிவர்சிட்டி பேர், கிளை, கோர்ஸ், படிக்கிற முறை எல்லாம் போட்டு மெயில் அனுப்பிக் கேளுங்க. அட்மிஷன் கவுண்டர்ல இருக்கறவர் இந்தியாவுல செல்லும்னு வாயால சொல்றது கணக்குல வராது, அவருக்கு அது தெரியணும்னு அவசியமும் இல்ல. மெயில்ல பதில் வர்ற வரைக்கும் முதல் தவணை கட்டாம இருங்க, இந்த செமஸ்டர் போனா அடுத்த செமஸ்டர் வரும்.