கம்பெனி ஆட்சிப் பாடத்தை நான்கு பேரை வைத்து நடத்துங்கள்

1757 பிளாசி, 1764 பக்சார் என்று போர்களை அடுக்கித் தொடங்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். மிளகும் துணியும் வாங்க வந்த கிழக்கிந்தியக் கம்பெனி வரி வசூலிக்கும் ஆளாக எப்படி மாறியது என்ற கேள்வியில் தொடங்கிப் பாருங்கள்.

ஆற்காடு நவாப், கம்பெனி, பாளையக்காரர் (தன் பகுதியை ஆண்ட உள்ளூர்த் தலைவர்), விவசாயி என நான்கு மாணவர்களை முன்னால் நிறுத்துங்கள். விவசாயி கையில் பத்துச் சீட்டு, அதுதான் விளைச்சல். போர்ச் செலவுக்குக் கம்பெனியிடம் கடன்பட்ட நவாபால் அதை அடைக்க முடியவில்லை, 1792 ஒப்பந்தத்தில் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குப் போய்விடுகிறது. சீட்டுகளும் அதன்படியே கை மாறட்டும். விவசாயியிடம் எத்தனை மிச்சம் என்று எண்ணச் சொல்லுங்கள்.

அப்புறம் 1799, கயத்தாறு, கட்டபொம்மன். சினிமா வசனம் பேச ஒருவன் எழுந்துவிடுவான். சரி, பேசட்டும்.