கொழும்பில் தினமும் ஓட்ட ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்: முதன்முறை வாங்குவோருக்கு

கொழும்பில் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கடற்காற்று. மற்றது காலி வீதி நெரிசலில் ஏறும் சூடு. எஞ்சின் களைத்துப் போயிருந்தால் இறக்கிச் செய்துவிடலாம், அதற்குக் கைதேர்ந்த மெக்கானிக்மார் இந்த நகரத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அடித்தகரத்தைக் கறள் தின்றிருந்தால் கார் வாங்கிய காசைவிடத் திருத்தும் காசு கூடிவிடும். அதனால் தகரத்தைப் பார்த்து வாங்குங்கள், எஞ்சின் இரண்டாவது. கீழே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவை கறளையோ சூட்டையோ தேடும் சோதனைகள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டாம். திங்கள் காலை வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் வேண்டும்.

1. எந்தக் கார்?

நாட்டுக்குள் ஏற்கெனவே பதிவான கார்களுக்குள்தான் தேட முடியும். 2020இல் வந்த இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் தளர்ந்தது உண்மை. ஆனால் இறக்குமதியாகும் பழைய வாகனத்துக்கு வயது எல்லை உண்டு, முப்பது வருடக் கார் அதற்குள் வராது. ஆகவே கிடைப்பது கொஞ்சம், விலை அதிகம், "இன்றைக்கே அட்வான்ஸ் போடுங்கோ" என்று அவசரப்படுத்தும் தரகர்களும் அதிகம்.

முதல் கார் வாங்குபவருக்கு நான் சொல்வது மஸ்டா எம்.எக்ஸ்-5, முதல் தலைமுறை. 1989இல் வந்தது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றதால் நம் ஊருக்கு ஏற்ற வலப்பக்க ஸ்டியரிங்கோடு கிடைக்கும். முதலில் 1597 சி.சி., 1993 முதல் 1839 சி.சி. எஞ்சினும் வந்தது. ஒரு தொன்னுக்கும் குறைந்த எடை, பின் சில்லுகளில் இழுவை. கார்புரேட்டர் இல்லை, எரிபொருளை இன்ஜெக்டர் கொடுக்கும், ஏ.சி. உள்ள கார்களும் உண்டு. 1.6 எஞ்சின் மஸ்டா 323 குடும்பத்து எஞ்சினின் உறவுக்காரன் என்பதால் பல சாமான்கள் பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் அகப்படும். டயரும் 185/60 ஆர்14, சாதாரண கார்களுக்குப் போடும் அளவுதான்.

பழைய பிரித்தானிய அழகுதான் வேண்டும் என்பவர்கள் எம்.ஜி. மிட்ஜெட்டைப் பாருங்கள். 1961இல் வந்த இந்தச் சின்னக் காரில் 1974 வரை இருந்தது ஏ-சீரிஸ் எஞ்சின், மொரிஸ் மைனரிலும் மினியிலும் இருந்த அதே குடும்பம். ஸ்டியரிங்கைச் சில்லுகளோடு இணைக்கும் றாக்கும் மைனர் வழி வந்தது. இலங்கையில் மைனரை எத்தனை தலைமுறை பழுதுபார்த்து ஓட்டியிருக்கிறது! பிரித்தானியாவுக்கே இங்கிருந்து மைனர் தகரங்கள் செய்து அனுப்பிய காலம் உண்டு. அந்த அனுபவமெல்லாம் மிட்ஜெட் வைத்திருப்பவருக்கு அப்படியே உதவும். 1275 சி.சி. எஞ்சின் உள்ளதைத் தேடுங்கள், இன்றைய வீதியில் அதுதான் ஈடுகொடுக்கும்.

எம்.ஜி.பி. இன்னும் பெரியது, 1798 சி.சி., 1962 முதல் 1980 வரை செய்தார்கள். நீண்ட தூரத்துக்கு இதமானது, ஆனால் சாமான் தேடும் வேலையும் கூட. இவை மூன்றுக்கும் வெளியே போக வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளியே போகும் முன் அந்தக் காரின் வோட்டர் பம்ப், கிளச் தட்டு, முன் கண்ணாடி மூன்றும் கொழும்பில் யாரிடம் கிடைக்கும் என்று விசாரியுங்கள். மூன்றுக்கும் பதில் கிடைக்கவில்லை என்றால் அது தினமும் ஓட்டும் கார் ஆகாது.

வீட்டையும் பாருங்கள். அடுக்குமாடியின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கும் சரிவு, ஒழுங்கை வேகத்தடை, வாசல் கான் மூடி எல்லாம் இந்தத் தாழ்ந்த கார்களின் வயிற்றை உரசும்.

2. காரைப் பார்க்குமுன் ஆவணம்

பதிவுச் சான்றிதழின் படத்தை முதலில் கேளுங்கள். வாகன இலக்கத்தைக் கொடுத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலிருந்து விபரம் எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். சேஸி இலக்கம், எஞ்சின் இலக்கம், நிறம், அறுதி உரிமையாளர். அறுதி உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால் லீசிங் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

பழைய கார்களில் எஞ்சின் மாறியிருப்பது சாதாரணம். நிசான் எஞ்சினோடு ஓடும் பிரித்தானியக் கார்கள் இங்கே உண்டு. மாற்றம் பதிவில் ஏறியிருந்தால் பயமில்லை. ஏறாமல் இருந்தால் உரிமை மாற்றும்போது நீங்கள்தான் நாரஹேன்பிட்டவிலுள்ள திணைக்களத்துக்கு நடக்க வேண்டிவரும். "ஓப்பன் பேப்பர்" என்று, நடுவில் மூன்று பேர் கைமாறியும் பெயர் மாற்றாத காரை வாங்காதீர்கள். பதிவிலுள்ள உரிமையாளரே நேரில் கையெழுத்து வைக்க வேண்டும்.

கடைசிப் புகைப் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க அது தேவை. அதிலுள்ள எண்கள் எஞ்சினின் ஆரோக்கியத்தைப் பற்றி விற்பவர் சொல்வதைவிட அதிகம் சொல்லும்.

இலக்கத் தகட்டில் பழைய வரிசையின் ஸ்ரீ எழுத்து இருக்கிறது என்பதற்காக விலை ஏற்றுவார்கள். தினமும் ஓட்டப் போகிறவருக்கு அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

3. தகரம்

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இதுதான். பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நாளில், கார் காய்ந்திருக்கும்போது போங்கள். நனைந்த பெயின்ட் எல்லாக் குறையையும் மறைக்கும். பழைய சாரம், டோர்ச், மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம், ஒரு ஸ்குரூட்ரைவர் கொண்டு போங்கள்.

காந்தத்தைக் கதவின் கீழ்விளிம்பு, சில்லு வளைவு, முன் விளக்கைச் சுற்றிய இடம் என்று மெதுவாக நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: எம்.எக்ஸ்-5இன் பொனட் அலுமினியம், ஆரம்பகால எம்.ஜி.பி.யின் பொனட்டும் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டாதது குறை அல்ல.

பிறகு சாரத்தை விரித்துக் கீழே படுங்கள். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகரம்தான் இந்தக் கார்களின் முதுகெலும்பு. கூரை இல்லாத காரில் பாரமெல்லாம் அதில்தான் இறங்குகிறது. ஸ்குரூட்ரைவரின் பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் உள்ளே கறள் அல்லது பட்டி. உரிமையாளர் சம்மதித்தால் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இறுகினாலோ இடைவெளி மாறினாலோ அந்தக் கார் நடுவில் வளைகிறது. விலை என்னவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

எம்.எக்ஸ்-5இல் கறள் தொடங்கும் இடம் பின் சில்லுக்குச் சற்று முன்னால். துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள இரண்டு குழாய்கள் வழியாக வெளியேற வேண்டும். இலையும் தூசியும் அவற்றை அடைத்தால் தண்ணீர் பெட்டித் தகரத்துக்குள் தேங்கி உள்ளிருந்து தின்னும், வெளியே கொப்புளம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஒரு போத்தல் தண்ணீரை மெதுவாக அந்தக் குழாயில் ஊற்றுங்கள். காருக்குக் கீழே உடனே சொட்ட வேண்டும்.

எம்.ஜி.பி.யில் 1974 வரை ஆறு வோல்ட் பட்டரிகள் இரண்டு இருக்கைக்குப் பின்னால் இருந்தன. அவற்றின் பெட்டிகள் அசிட் பட்டு அழுகியிருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற கார்களும் சந்தைக்கு வருகின்றன. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. இருக்கைத் தண்டவாளம், சீட்பெல்ட்டின் அடிநுனி, டாஷ்போர்டுக்குக் கீழே வயர்க்கட்டு மூன்றிலும் காய்ந்த சேறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் தண்ணீர் நின்ற மட்டம் கோடாகத் தெரிவதுண்டு.

4. குளிர்ந்த எஞ்சின்

"நான் வரும்வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதையுங்கோ அண்ணை" என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

ஒயில் மூடியின் உட்பக்கம் பால்தேத்தண்ணி நிறத்தில் கொழகொழப்பு இருந்தால் தண்ணீர் ஒயிலோடு கலந்திருக்கலாம், ஹெட் காஸ்கெட் (எஞ்சினின் மேற்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) சந்தேகம். ஸ்டார்ட் செய்யும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்துங்கள். நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது. கறுப்பு, பெற்றோல் கூடுதல். எஞ்சின் சூடான பிறகும் விடாத வெள்ளைப்புகை என்றால் கூலன்ட் எரிகிறது. சூடேறிய எம்.ஜி.பி.யில் ஓட்டத்தின்போது ஒயில் அழுத்தம் 50 பி.எஸ்.ஐ.க்கு மேலும், ஐட்லிங்கில் குறைந்தது 10உம் காட்ட வேண்டும். எம்.எக்ஸ்-5இன் 1991 வரையான 1.6 எஞ்சின்களில் கிராங்க் (எஞ்சினைச் சுழற்றும் அச்சு) முனையில் ஒரு பலவீனம் உண்டு. எஞ்சின் ஓடும்போது முன்புறத்தில் கீழேயுள்ள பெல்ட் புலி (பெல்ட் சுற்றும் சில்லு) ஆடுகிறதா என்று பாருங்கள்.

இப்போது ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடியுங்கள். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத அடைப்பான்) இருந்தால் ஹோஸ் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சூடாகும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் கராஜ்களில் இது சர்வசாதாரணம், எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. அடைபட்ட ரேடியேட்டரை மறைக்கத்தான் பெரும்பாலும் அப்படிச் செய்கிறார்கள்.

5. நெரிசல் ஓட்டம்

காலையில் வெறுமையான வீதியில் ஓடிப் பார்த்துவிட்டுக் கை குலுக்காதீர்கள். மாலை ஐந்தரைக்குக் காலி வீதியில் அரை மணி நேரம் நின்று நின்று போங்கள். வெப்ப முள் ஏற வேண்டும், ஃபேன் சுழன்றதும் இறங்க வேண்டும், ஏறிக்கொண்டே இருக்கக் கூடாது. ஏ.சி. இருந்தால் அதைப் போட்டபடி செய்யுங்கள். பிறகு ஒரு ஓரத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். கார்புரேட்டர் கார்களில் பெற்றோல் சூட்டில் கொதித்து ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது இந்த நேரத்தில்தான். வெப்பத் தகடும் நல்ல மின்ஃபேனும் அதைத் தீர்க்கும், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

மூன்றிலிருந்து இரண்டுக்கு விரைவாகக் கியர் குறையுங்கள், கரகரத்தால் சிங்க்ரோ (கியர்கள் சத்தமின்றிச் சேர உதவும் வளையம்) தேய்ந்திருக்கிறது. வெறுமையான இடத்தில் பிரேக்கை அழுத்திப் பக்கவாட்டில் இழுக்கிறதா பாருங்கள்.

இவ்வளவும் தேறினால் மட்டும் மெக்கானிக்குக் காசு கொடுத்துக் கொம்ப்ரஷன் சோதனை (ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறும் அழுத்தத்தை அளப்பது) செய்யுங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையில் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. விற்பவரின் மெக்கானிக் அல்ல, உங்கள் மெக்கானிக்.

6. விலையும் காப்புறுதியும்

கையிலுள்ள காசு முழுவதையும் காருக்குக் கொடுக்காதீர்கள். நாலில் ஒரு பங்கையாவது முதல் வருடத் திருத்தத்துக்கு ஒதுக்குங்கள். முழுக் காப்புறுதி எடுக்கும்போது மதிப்பீட்டு அறிக்கையும் படங்களும் கொடுத்து, ஒப்புக்கொண்ட பெறுமதியை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு "பழைய கார்தானே" என்ற பேச்சு வரும்.

7. முதல் மாதம்

முதலில் பிரேக். பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பிரேக்குக்கு ஒரே சுற்றுதான், ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சில்லிலும் பிரேக் போய்விடும். எல்லா ஹோஸையும் மாற்றி, புதிய பிரேக் ஒயில் நிரப்புங்கள். பழைய பெற்றோல் ஹோஸ்களையும் மாற்றுங்கள், அவற்றின் கசிவுதான் தீ வைக்கும். டயரின் பக்கத்தில் நாலிலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியதைப் பல் எவ்வளவு இருந்தாலும் கழற்றுங்கள். எம்.எக்ஸ்-5இன் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

1967 வரையான எம்.ஜி.பி.யில் பட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். தெரியாமல் ரேடியோ பொருத்தினால் எரிந்துவிடும். ஈயம் கலந்த பெற்றோலுக்குச் செய்த பிரித்தானிய எஞ்சின்களில் ஈயமில்லாத பெற்றோல் போட்டால் வால்வ் சீட் (வால்வ் வந்து அமரும் இடம்) தேயும். இங்கே ஈயப் பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது. ஹெட்டை இறக்கும் நாளில் கடினமான சீட்கள் போட்டுவிடுங்கள், அதுவரை 95 ஒக்டேனும் அதற்குரிய சேர்மானமும் போதும்.

கடைசியாக மறுபடி கறள். கடலோர மரீன் டிரைவ் பக்கம் நிறுத்துபவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும். பெட்டித் தகரங்களுக்குள் வருடம் ஒருமுறை மெழுகு அடிப்பியுங்கள். பிளாஸ்டிக் கவரால் மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். காற்றுப் புகும் துணிக் கவர் வாங்குங்கள். ஏப்ரல் மழைக்கு முன் ஒருமுறை, ஒக்டோபர் மழைக்கு முன் ஒருமுறை, எம்.எக்ஸ்-5இன் அந்த இரண்டு வடிகுழாய்களிலும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.